சொற்குருடு

இங்கிலாந்தின் தென்கரையிலே சீபோர்ட் என்றொரு சிறிய பட்டினம் உண்டு. அங்கே வைத்தியம் பார்த்துவந்த பிரிங்கிள் மோர்கன், 1896ஆம் ஆண்டு நவம்பரில், பேர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றிப் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எழுதினார்.

பேர்சி கெட்டிக்காரன்; விளையாட்டிலும் எவருக்கும் இளைத்தவனல்லன். 7 வயது முதல் பாடசாலையிலும் தனி ஆசிரியரிடமும் பயின்றவன். எழுத்துக்கள் அத்தனையும் அறிவான். ஆயினும் அவை கூடிச் சொல்லானவுடன் அவனுக்குப் பொருளற்றுப் போயின. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். திரும்பத் திரும்பக் கேட்டபின்னரே பிழையைக் கண்டான். அதே சிறுவன் மூவிலக்க எண்களைப் பெருக்கி, விரைவாகச் சரியான விடை சொன்னான்!

அவனுக்குச் சில ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர், பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் பாடசாலையிற் கெட்டிக்காரன் இவனே என்று சொல்லியிருந்தார். வைத்தியர் பேனாவை எடுக்குமுன்பே ஆசிரியர் உண்மையிற் பாதியைக் கண்டுவிட்டார். இத்தகைய பிள்ளைக்கு வாசிப்பை எவ்வாறு கற்பிப்பது என்ற மற்றப் பாதி எவருக்கும் எட்டவில்லை. அக்காலத்துப் பாடசாலைகளில் வாசிக்க மாட்டாத பிள்ளை சோம்பேறி, அல்லது மந்தன். மருந்து பெரும்பாலும் பிரம்புதான்.

மோர்கனை எழுதத் தூண்டியவர் கிளாஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் ஜேம்ஸ் ஹின்செல்வூட். மூளை நோயினால் வாசிக்கும் ஆற்றலை இழந்த வளர்ந்தோரின் நிலையை அவர் 1895இல் 'சொற்குருடு' என்று விவரித்திருந்தார். அது பிறவியிலேயே அமைதலும் கூடும் என்பதைப் பேர்சி காட்டினான். இன்று டிஸ்லெக்சியா எனப்படுவது இதுவே. சொல்லின் உருவம் மூளையிற் பதிவதில்லை என்று அவ்விருவரும் கருதினர். சொல்லின் ஒலிகளைப் பிரித்து உணர்வதிலேயே பெரும்பாலும் இடர்ப்பாடு இருக்கின்றது எனப் பிற்கால ஆராய்ச்சி கண்டது. குற்றம் கண்ணிலன்று என்பதில் மட்டும் அவர்கள் தவறவில்லை.

1917இல் ஹின்செல்வூட் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். பலர் நடுவே இத்தகைய பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லலாகாது. தனியே இருத்தி, சிறிது சிறிது நேரமாக, நாளிற் பலமுறை கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சிறுவர்களை 1925ஆம் ஆண்டளவில் ஆராய்ந்த சாமுவேல் ஓர்ட்டன் மேலும் ஒருபடி சென்றார். எழுத்தைக் கண்ணாற் கண்டு, ஒலியைக் காதாற் கேட்டு, வாயாற் சொல்லி, கையால் எழுதி, நான்கையும் ஒருங்கே பயிலும் முறை அவரது வழியிற் பிறந்தது. அதனைப் பாடங்களாக வகுத்துத் தந்தவர் ஆனா கில்லிங்ஹாம் என்னும் ஆசிரியை. இங்கும் ஓர் ஆசிரியரே!

பிரித்தானியாவில் 1970ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இக்குறையுடைய பிள்ளைகளின் கல்வி இடம்பெற்றது. பேர்சியைப் பற்றி மோர்கன் எழுதி அப்போது 74 ஆண்டுகள் கழிந்திருந்தன.