தூண்டில்முள் நாணயமும் தீயின் சான்றும்

கட்டுகஸ்தோட்டையில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் வளைந்த வெள்ளிக் கம்பித் துண்டு ஒன்றை என்னிடங் கொணர்ந்தார். இணைய விளம்பரங் கண்டு அதனை வாங்கியிருந்தார். கண்டி மன்னர் காலத்து நாணயம் என்றும், மகாவலிக் கரையில் வயல் உழுதபோது வெளிப்பட்டது என்றும் விற்றவர் கூறினாராம். அது மெய்யோ போலியோ என்பதே நண்பரின் வினா. அதற்கு விடை காணப் புகுந்தபோது, அதற்கு முற்பட்ட வினாவொன்று எதிர்நின்றது. ஒரு நாணயத்தின் மெய்ம்மைக்கு எது சான்று?

பாரசீகத்து லார் நகரின் பெயரால் 'லாரின்' எனப்பட்ட வெள்ளிக் கம்பி நாணயம் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இந்துமாக்கடல் வணிகத்திற் பெருவழக்குப் பெற்றிருந்தது. பீஜப்பூர்ச் சுல்தான்களும் இதனை வெளியிட்டனர். இலங்கையில் அக்கம்பி தூண்டில்முள் வடிவில் வளைக்கப்பட்டது. சிங்கள மக்கள் அதனை 'ரிதி' என்றழைத்தனர். வெள்ளி என்பதே அச்சொல்லின் பொருளுமாகும்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் இந்நாணயம் பற்றிக் குறிப்பிடுகின்றார். அரசனது சிறு பணத்தைப் பிறர் அடித்தால் அதற்குத் தண்டனை மரணம். ஆயின் தூண்டில்முள் நாணயத்தை அரசன் இசைவுடன் எவரும் செய்யலாம். விரும்பிய முத்திரையை அதிற் பொறிக்கலாம். ஐயம் எழுந்தால் அதனைத் தீயிலிட்டுச் செம்மையாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். தூய வெண்மை தோன்றாவிடின் அது செல்லாது. செம்பு கலந்த வெள்ளியைக் காய்ச்சினால் செம்பு உயிர்வாயுவுடன் கூடிக் கருமை காட்டும் என்பதே இச்சோதனையின் அடிப்படை.

நாணயத்தின் மாற்றைத் தேர்வோரை வண்ணக்கர் என்பது பழந்தமிழ் வழக்கு. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அச்சொல் சேர்ந்து வருவதை யாவரும் அறிவர். கண்டி இராச்சியத்திலோ தீயே வண்ணக்கனாக விளங்கிற்று எனலாம். தூண்டில்முள் நாணயங்கள் பலவற்றில் அரபு எழுத்துகளைப் பொருளறியாது பார்த்துப் பொறித்த கோடுகள் உள்ளன. அக்காரணம் பற்றி அவற்றை எவரும் போலி எனத் தள்ளவில்லை. வெள்ளி தூயதாயின் நேற்றுச் செய்ததும் நாணயமே.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. வாங்குவோர் வெள்ளிக்கன்றிப் பழமைக்கே விலை கொடுக்கின்றனர். ஆதலால் தூய வெள்ளியிற் செய்த போலி, நொக்ஸ் கண்ட தீச்சோதனையில் இடர்ப்பாடின்றித் தேறிவிடும். மெய்யான பழம்பொருளோ அச்சோதனையால் தன் மேற்பரப்பிற் படிந்த காலத்தின் சுவட்டை இழந்து கெடும்.

வேறு சோதனைகளும் உள. 4.8 கிராம் தூய வெள்ளி ஏறத்தாழ 0.46 கன சென்ரிமீற்றர் நீரை விலக்கும். அதே நிறையுள்ள செம்பு 0.54 வரை விலக்கும். அச்சில் வார்த்தெடுத்த போலியில் நுண்ணிய குழிகளும் பொருத்துக் கோடும் மழுங்கிய எழுத்துகளும் காணப்படலாம். கையால் அடித்த நாணயங்களில் இரண்டு முற்றிலும் ஒத்திருப்பதில்லை. நண்பரின் நாணயத்தை இவ்விறுதிச் சோதனையே காட்டிக்கொடுத்தது. அதே வளைவும் அதே விளிம்புப் பிளவும் கொண்ட இன்னொன்று வேறோர் இணைய விளம்பரத்தில் விலைக்கிருந்தது.

இச்சோதனைகள் போலியைக் காட்டிக்கொடுக்க வல்லன. பழமையை முற்றாக நிறுவப் போதியன அல்ல. அதனை நிறுவத் துணைபுரிவது பொருள் கிடைத்த இடமும் உடன்கிடைத்த பொருள்களுமாகும். கண்டிக்குத் தெற்கே கம்பளையிற் கிடைத்த லாரின் புதையலை ஆராய்ந்து ஹௌலன்ட் வூட் எழுதிய நூலை நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் கழகம் 1934 இல் வெளியிட்டது. ஒரு புதையலின் நாணயங்களை ஒருசேர வைத்து நோக்கியமையாலேயே அத்தகைய ஆய்வு கைகூடிற்று. அவை ஒவ்வொன்றாக விலைபோயிருப்பின் எஞ்சுவது வெள்ளிக் கம்பியன்றி வேறில்லை.

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், நிலத்தினின்று வெளிப்படும் தொல்பொருளை அரசின் உடைமையாகக் கொள்கின்றது. கண்டெடுத்தவர் அதனை அறிவித்தல் கடன். எனவே, 'வயலில் வெளிப்பட்டது' என்னும் கூற்று பொய்யாயின் வாங்குபவர் ஏமாற்றப்படுகின்றார். மெய்யாயின் ஊரின் வரலாறு களவாடப்படுகின்றது. விற்பவர் நற்சான்றாகக் காட்டும் அச்சொல்லே நாம் முதலில் அஞ்சவேண்டிய சொல்.

நண்பர் இழந்தது சிறிது பணம். அது போலியானமை குறித்து அவர் வருந்தினார். எனக்கோ ஒருவகை ஆறுதலே உண்டாயிற்று. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என ஒரே பெயர் வழங்குவது தமிழ். இன்று தீயிலிட்டுப் பார்க்கவேண்டியது காசை அன்று. அதனை விற்பவர் சொல்லையும், அதனை விரும்பும் நம் ஆசையையுமே.