பூட்டிய கைபேசியும் சொல்லாத கடனும்

2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு சின்னக் கலகம் நடந்தது. ரத்தம் சிந்தாத கலகம்தான். ஜூன் 8-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி ஐபோன் 3ஜிஎஸ் என்ற புதுக் கைபேசியை அறிவித்தது. விலை 199 டாலர். அங்கே அப்போது ஐபோனுக்கு இணைப்பு கொடுக்கும் உரிமை ஏடி அண்ட் டி என்ற ஒரே கம்பெனியிடம்தான் இருந்தது. முந்தைய வருஷம் ஜூலையில் ஐபோன் 3ஜி வாங்கியவர்கள், "ஆஹா, மறுபடியும் 199 டாலரா!" என்று கடைக்கு ஓடினார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட விலை 399 டாலர்.

இதுவரை அந்தக் கம்பெனி பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கு 199. ஒரு வருஷமாக மாதாமாதம் தவறாமல் பணம் கட்டியவனுக்கு 399. நேற்று வந்தவனுக்குத் தலைவாழை இலை, வீட்டோடு இருப்பவனுக்குப் பழைய சோறா என்று ஜனங்களுக்குக் கோபம் வந்தது. இணையத்தில் கண்டன மனுக்கள் பறந்தன. கம்பெனி பத்தே நாளில் கொஞ்சம் இறங்கி வந்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சலுகைத் தகுதி பெறப் போகிறவர்களுக்கு மட்டும் இப்போதே 199-க்குத் தருகிறோம் என்று ஜூன் 17-ஆம் தேதி அறிவித்தது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

அரசாங்க அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பும் கணக்கும் பார்த்தவன் நான். ஒரு தொகையைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடாமல் இருக்க முடியாது. அந்தக் கூடுதல் 200 டாலர் எங்கிருந்து வந்தது?

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் அந்தக் கைபேசியை வாங்கினால் 599 டாலர். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 199. ஆக மீதி 400 டாலரைக் கம்பெனி தன் கையிலிருந்து போடுகிறது. அது தர்மத்துக்குப் போடும் காசு இல்லை. 24 மாதக் கட்டணத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதத்துக்கு ஏறக்குறைய 17 டாலர் என்று வையுங்கள். 2008 ஜூலையில் வாங்கியவர் 2009 ஜூனில் 11 மாதம் கட்டியிருப்பார். அதாவது 183 டாலர் அடைந்திருக்கும், 217 டாலர் பாக்கி. கம்பெனி கேட்டது 200.

கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது! ஜனங்கள் கொதித்தது நியாயமில்லையா என்றால், நியாயம்தான். தங்கள் தலையில் ஒரு கடன் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கடன் என்று யாரும் சொல்லவில்லை. "199 டாலர்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தார்கள். மாத ரசீதில் கைபேசிக்கு இவ்வளவு, பேச்சுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. கொடுத்தவனுக்கு மட்டும் தெரிந்து வாங்கியவனுக்குத் தெரியாத கடன் அது.

இன்னொன்றும் உண்டு. 24 மாதம் முடிந்து கடன் தீர்ந்த பிறகாவது மாதக் கட்டணம் குறைய வேண்டுமல்லவா? குறையாது. பழைய கைபேசியையே வைத்துக்கொண்டு சிக்கனமாக இருப்பவரும் அதே தொகையைத்தான் கட்ட வேண்டும். சிக்கனக்காரரின் பணத்தில் அடுத்தவருக்குப் புதுக் கைபேசி போகும்.

இந்தப் பழக்கம் ஐபோனோடு பிறந்ததில்லை. இதன் வேர் பழைய தொலைபேசிக் காலத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பெல் கம்பெனி தொலைபேசிக் கருவியை விற்கவே விற்காது, வாடகைக்குத்தான் கொடுக்கும். இது பெல் நிறுவனத்தின் சொத்து, விற்பனைக்கு அல்ல என்று கருவியிலேயே பொறித்திருப்பார்கள். வேறு எதையும் அதில் மாட்டக்கூடாது. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமலிருக்க, வாய் வைத்துப் பேசும் இடத்தில் பொருத்தும் ஹஷ்-எ-போன் என்ற சின்னக் குப்பி ஒன்று இருந்தது. அதற்குக்கூடத் தடை. அரசின் தகவல் தொடர்பு ஆணையமும் 1955-இல் கம்பெனி பக்கமே பேசியது. மறு வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியது. அதற்குப் பிறகு, டெக்ஸாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் என்பவர் வானொலிக் கருவியையும் தொலைபேசியையும் இணைக்கும் கார்ட்டர்போன் என்ற கருவியைச் செய்து விற்றார். அதற்கும் வழக்கு. 1968-இல் ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வலையமைப்புக்குக் கெடுதல் செய்யாத எந்தக் கருவியையும் ஜனங்கள் இணைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. பிற்காலத்தில் கடையில் வாங்கிய தொலைபேசியையும் மோடத்தையும் வீட்டில் மாட்ட முடிந்தது அந்தத் தீர்ப்பினால்தான்.

கம்பி போய்க் கைபேசி வந்ததும் கதை பின்னோக்கித் திரும்பியது. கருவி உங்களுடையது, ஆனால் எங்கள் சிம் தவிர வேறு சிம் போட்டால் வேலை செய்யாது என்றார்கள். வாடகைக்குப் பதில் பூட்டு.

2007 ஜூன் 29-இல் முதல் ஐபோன் வந்தபோது வாங்கியவர்கள் முழு விலையும் கொடுத்தார்கள். 499 டாலர், 599 டாலர் என்று இரண்டு வகை. முழு விலை கொடுத்த பின்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம் கட்டாயம்! பத்து வாரம்கூட ஆகவில்லை, 599 டாலர் கருவியை 399 ஆக்கினார்கள். முதலில் வாங்கியவர்கள் கூச்சலிட, ஸ்டீவ் ஜாப்ஸ் ஆளுக்கு 100 டாலர் மதிப்புக்கு ஆப்பிள் கடையிலேயே பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தார். அடுத்த வருஷம் ஐபோன் 3ஜி 199 டாலருக்கு வந்தது. பாதி விலை என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இணையத்துக்கான மாதக் கட்டணம் 20 டாலரிலிருந்து 30 ஆனது. மாதம் 10 டாலர், 24 மாதத்துக்கு 240 டாலர். குறைத்தது 200, ஏற்றியது 240.

நடுவில் விலகலாம் என்றால் அபராதம். 2009 நவம்பரில் வெரைசன் கம்பெனி ஸ்மார்ட்போன்களுக்கான விலகல் அபராதத்தை 175 டாலரிலிருந்து 350 ஆக்கியது. அடுத்த ஜூனில் ஏடி அண்ட் டி 325 ஆக்கியது. பூட்டை நாமே திறந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் தடை வந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் கொடுத்திருந்த விலக்கைப் புதுப்பிக்காததால், 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய கைபேசியைக் கம்பெனி அனுமதியில்லாமல் திறப்பது சட்ட விரோதம் ஆனது. கைபேசிப் பூட்டுக்கும் பதிப்புரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பூட்டும் ஒரு மென்பொருள்தானே என்பது வாதம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனு போட்டார்கள். அரசும் மனுவை ஆதரித்தது. 2014 ஆகஸ்ட் 1-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

இதே காலத்தில் பிரான்ஸில் நடந்ததைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த நாட்டுச் செய்திகளை அந்த மொழியிலேயே படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. 2007 நவம்பரில் அங்கே ஐபோனை ஒராஞ்ஜ் கம்பெனி மட்டும் விற்றது. ஒப்பந்தத்தோடு 399 யூரோ. ஆனால் ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை அந்த நாட்டுச் சட்டம் ஒப்பவில்லை. ஆகவே ஐபோன் ஒப்பந்தம் இல்லாமலும் 649 யூரோவுக்கு விற்க வேண்டியதாயிற்று. உடனே பூட்டைத் திறக்க இன்னும் 100 யூரோ, ஆறு மாதம் பொறுத்தால் இலவசம். வாங்குகிறவன் கண்ணுக்குக் கடன் எவ்வளவு, பூட்டின் விலை எவ்வளவு என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. அமெரிக்கருக்குக் கிடைக்காதது இதுதான்.

2008 ஜனவரியில் வந்த ஷாத்தெல் சட்டம், 24 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் 12 மாதம் கழித்து மீதித் தொகையில் கால் பங்கு கொடுத்துவிட்டு விலகலாம் என்றது. அந்த டிசம்பரிலேயே, போட்டிக் கம்பெனியான புயீக் டெலிகாம் கொடுத்த புகாரின் பேரில், போட்டிக்கான ஆணையம் ஒராஞ்ஜின் தனி உரிமையை நிறுத்தி வைத்தது. 2009 பிப்ரவரியில் பாரீஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அமெரிக்கர்கள் வேறு கம்பெனியில் ஐபோன் வாங்க 2011 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012 ஜனவரி 10-இல் ஸவியே நியெலின் ஃப்ரீ மொபைல் வந்தது. மாதம் 19.99 யூரோ, மலிவுத் திட்டம் 2 யூரோ, எந்த ஒப்பந்தமும் கிடையாது. கைபேசி வேண்டுமானால் அது தனிக் கணக்கு.

ஆனாலும் அங்கேயும் பூட்டு மறைந்துவிடவில்லை. எங்கள் புதுச்சேரியில் பிள்ளையோ மருமகனோ பிரான்ஸில் இருக்கும் வீடுகள் ஏராளம். விடுமுறைக்கு வரும்போது தாங்கள் மாற்றிய பழைய கைபேசியைப் பெரியவர்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். என் அக்கா மகனும் ஒன்று கொடுத்தான். இங்குள்ள சிம்மைப் போட்டதும் திரையில் பிரெஞ்சில் ஒரு வாசகம் வந்தது: இந்த சிம் செல்லாது. அவன் அங்கே இரண்டு வருஷம் முழுசாகக் கட்டி முடித்திருந்தான். அந்தக் கம்பெனியிடம் திறக்கும் எண்ணைக் கேட்டு எழுதினோம். இன்ன படிவம், இன்ன ஆதாரம் என்று மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். அதுவரை அந்தக் கைபேசியில் பேரன் போட்டோ பார்த்தான். பணம் முழுவதும் அடைந்த பொருள் யாருடையது என்ற கேள்வி எனக்கு உண்மையில் உறைத்தது அந்த மூன்று வாரத்தில்தான்.

நம் நாட்டில் இந்த முறை வேரூன்றவில்லை. முயற்சி நடக்காமல் இல்லை. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் கொடுத்தால் கைபேசி, மீதி மாதத் தவணை என்று கொடுத்தது. சிடிஎம்ஏ என்பதால் அதில் சிம்மே கிடையாது, வேறு கம்பெனிக்கு மாற்றவும் முடியாது. 2008 ஆகஸ்டில் ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜியை 31,000 ரூபாய்க்கு விற்றபோது, அமெரிக்காவில் 199 டாலர் என்கிறார்களே, இங்கே ஏன் இப்படி என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். 199 டாலர் அதன் விலை அல்ல, முன்பணம் என்று அப்போது விளக்கிச் சொன்னவர்கள் குறைவு. நம்மவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே ரீசார்ஜ் செய்து பேசுகிறவர்கள். கைபேசியைக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கி, பிடித்த சிம்மைப் போட்டுக்கொள்வோம். 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி நாடு முழுவதும் வந்ததும் கட்டிப்போடுவது இன்னும் கஷ்டமாயிற்று. ஏழை நாடு என்று நாமே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஒரு விஷயத்தில் நாம் சுதந்திரமாக இருந்தோம்.

அமெரிக்காவில் 2013 மார்ச்சில் டி-மொபைல் பழைய ஒப்பந்தத்தை ஒழித்தது. ஐபோன் 5-க்கு முதலில் 100 டாலர், பிறகு மாதம் 20 டாலர் வீதம் 24 மாதம், பேச்சுக்கும் இணையத்துக்கும் தனிக் கட்டணம். கடன் அடைந்ததும் அந்த 20 டாலர் ரசீதிலிருந்து போய்விடும். கேட்க எளிய விஷயம், ஆனால் அங்கே அது பெரிய மாற்றம். 2016 தொடக்கத்துக்குள் வெரைசனும் ஏடி அண்ட் டியும் இரண்டு வருஷச் சலுகை ஒப்பந்தத்தைக் கைவிட்டன.

அதோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. இப்போது அங்கே 36 மாதத் தவணை சகஜம். "கைபேசி இலவசம்" என்பார்கள். உண்மையில் முழு விலையும் தவணையாக எழுதி, மாதாமாதம் அதே தொகையை ரசீதில் கழித்துக் காட்டுவார்கள். நடுவில் விலகினால் கழிவு நின்றுவிடும், பாக்கித் தவணை மட்டும் நிற்கும். அபராதம் என்ற சொல் போய்விட்டது, தொகை அங்கேயே இருக்கிறது. ஒரு வித்தியாசம், இப்போது கடன் ரசீதில் தெரிகிறது. 2009-இல் அந்த ஜனங்கள் போட்ட கூச்சல் வீண்போகவில்லை என்று இதை வைத்துத்தான் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் கடைக்காரரிடம் ரொக்க விலையைக் கேளுங்கள். மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, முதலில் கொடுப்பதையும் கூட்டிப் பாருங்கள். கடன் தீர்ந்த மறு மாதம் ரசீது எவ்வளவு வரும், பூட்டு எப்போது திறக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கைபேசியை ஊருக்குக் கொண்டுவரும் உத்தேசம் இருந்தால், திறந்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.