பழைய தமிழ்ப் பட இதழ்கள் சேகரிப்பு

பழைய தமிழ்ப் பட இதழ்கள் சேகரிப்பு என்பது, இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஓவியம், கேலிச்சித்திரம், புகைப்படம் ஆகியவற்றோடு வெளிவந்த தமிழ் வார, மாத இதழ்களையும், சிறப்பு மலர்களையும், படம் போட்ட சிறு நூல்களையும் தேடித் திரட்டி, காலம் கணித்து, பேணிவரும் பணியாகும். அக்கால ஓவியர்களின் படைப்பில் பெரும்பகுதி இதழ்த்தாளில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. தொடர்கதைகள் பின்னர் நூலானபோது, பிளாக் (படம் அச்சிடும் தகடு) செய்யும் செலவு கருதிப் படங்கள் பெரும்பாலும் விடப்பட்டன. ஆகவே கதையை நூலகத்தில் படித்துவிடலாம்; அந்தக் கதையோடு வாரந்தோறும் வந்த படத்தைப் பார்க்க வேண்டுமானால் இதழ்தான் கதி. அந்த இதழ்களை இன்று நாம் காண முடிகிறது என்றால், அதற்கு முதற்காரணம் தனிமனிதர்களின் விடாப்பிடியான சேகரிப்பே.

பின்னணி

தமிழ் இதழ்களில் படம் இடம்பெற்ற வரலாற்றில் பாரதியாரின் 'இந்தியா' வார இதழுக்கு முதன்மையான இடம் உண்டு. 1906-ல் சென்னையில் தொடங்கி, 1908-ல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த இவ்விதழ், அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. இதழ்ப் பிரதிகள் எஞ்சியிருந்ததால்தான், ஆ. இரா. வேங்கடாசலபதியால் அக்கருத்துப்படங்களைத் தனி நூலாகத் தொகுக்க முடிந்தது.

1915-ல் 'ஆனந்தபோதினி' தோன்றியது. 1925-ல் வை. மு. கோதைநாயகி 'ஜகன்மோகினி'யின் பொறுப்பை ஏற்றார். 1926-ல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' 1928-ல் எஸ். எஸ். வாசன் கைக்கு மாறியது. மாத இதழாகத் தொடங்கி 1930களில் வார இதழான விகடன், நகைச்சுவைப் படத்தைத் தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாசிப்பில் சேர்த்தது. 1932-ல் 'கலைமகள்', 1933-ல் 'மணிக்கொடி', 1939-ல் வை. கோவிந்தனின் 'சக்தி', 1941-ல் 'கல்கி', 1947-ல் 'குமுதம்', 'அம்புலிமாமா' என வரிசை நீண்டது.

இந்த வளர்ச்சிக்கு அடிப்படை பிளாக் தொழில்நுட்பம். கோட்டோவியத்துக்கு லைன் பிளாக்கும், புகைப்படத்துக்கும் வண்ணச் சாயலுக்கும் ஆஃப்டோன் பிளாக்கும் துத்தநாகம் அல்லது செம்புத் தகட்டில் செய்யப்பட்டன. மூவண்ணப் படத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளாக் வேண்டும். ஒரே தாள் மூன்று முறை அச்சேற வேண்டும். மூன்றில் ஒன்று இம்மி பிசகினாலும் முகத்தின் ஓரத்தில் நிறம் விலகித் தெரியும். வண்ணப் படம் அட்டைக்கும் தீபாவளி மலருக்கும் ஒதுக்கப்பட்டதற்கு இந்த உழைப்பும் செலவுமே காரணம். இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் இதழ்கள் மெலிந்தன; தாளின் தரமும் தாழ்ந்தது. 1940களின் நடுப்பகுதி இதழ்கள், அவற்றுக்குப் பத்தாண்டு மூத்தவற்றைவிட மோசமான நிலையில் கிடைப்பது இதனால்தான்.

ஓவியர்கள்

விகடனின் நகைச்சுவைப் படத்துக்கு வழிகாட்டியவர் மாலி (டி. ஆர். மகாலிங்கம்). கர்நாடக சங்கீத வித்வான்களைக் கச்சேரி மேடையில் பார்த்து அவர் வரைந்த கேலிச்சித்திரங்கள், ஒளிப்பதிவுகள் அரிதாக இருந்த ஒரு காலத்தின் மேடைப் பாவனைகளுக்குச் சாட்சியாக நிற்கின்றன. அவர் பெயர் சூட்டி வளர்த்த கோபுலு (1924–2015), கோடுகளின் சிக்கனத்தாலேயே ஒரு வீட்டுக்கூடத்தையும் அதில் உட்கார்ந்திருப்பவரின் குணத்தையும் காட்டிவிடுவார். 'சில்பி' என்ற பெயரில் வரைந்த பி. எம். சீனிவாசன் (1919–1983), கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தார். விகடனில் எழுத்தாளர் தேவனின் எழுத்தோடு வந்த 'தென்னாட்டுச் செல்வங்கள்' அவருடைய பெரும்பணி.

'கல்கி' இதழில் வர்மாவும் மணியமும் சரித்திரக் கதைகளுக்கு உருவம் கொடுத்தார்கள். 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு வாரம் தவறாமல் வரைந்தவர் மணியம் (1924–1968). வந்தியத்தேவன், நந்தினி, பூங்குழலி ஆகியோர் தமிழ் வாசகர் மனத்தில் இன்றும் கொண்டிருக்கும் முகம் அவர் தந்தது. அட்டை ஓவியங்களில் கே. மாதவனும், இசைக்கலைஞராகவும் விளங்கிய எஸ். ராஜமும் சேகரிப்பாளர்கள் பெயர் சொல்லித் தேடும் கலைஞர்கள்.

சேகரிப்பில் இடம்பெறுபவை

முழு இதழ்கள்: அட்டை முதல் அட்டை வரை குறைவுபடாத இதழே மிக அரிது. முன்னட்டை கிழிந்தோ, போட்டிப் படிவமும் படமும் கத்தரிக்கப்பட்டோ கிடைப்பவையே மிகுதி. சோப்பு, தைலம், இசைத்தட்டு, துணிக்கடை விளம்பரங்கள் அட்டைகளை ஒட்டியே அச்சானதால், அட்டை போனால் அவையும் சேர்ந்து போய்விடும்.

தீபாவளி மலர்கள்: கனத்த ஆர்ட் பேப்பரில் தனி வண்ணப் படங்களோடு வந்தவை. அந்தப் படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் வழக்கம் இருந்ததால், படம் நீங்கிய மலர்கள் நிறையக் கிடைக்கின்றன. வாங்குமுன் பொருளடக்கத்தில் உள்ள வண்ணப்படப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

குஜிலி நூல்கள்: சென்னைக் குஜிலிக்கடைப் பகுதியில் மலிவுத்தாளில் அச்சாகிக் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். கொலைச்சிந்து, விபத்துச்சிந்து, தேசியப் பாட்டு எனப் பலவகை. முகப்பில் பெரும்பாலும் மரச்செதுக்குப் படம் இருக்கும். ஒரே கட்டை வெவ்வேறு கதைகளுக்கு மாறி மாறிப் பயன்பட்டதையும் காணலாம்.

சினிமாப் பாட்டுப் புத்தகங்கள்: கொட்டகை வாசலில் விற்ற இவற்றில் கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள், படக்காட்சிகள் இருக்கும். முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) உட்பட 1930களின் படங்கள் பல அழிந்துவிட்டன. அவற்றைப் பற்றிய ஆய்வு இச்சிறு புத்தகங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது.

பைண்டு செய்த தொடர்கதைகள்

தமிழ் வாசகர்களின் வழக்கங்களுள் தனித்துச் சொல்ல வேண்டியது இது. இதழ் வீட்டுக்கு வந்து எல்லோரும் படித்து முடித்ததும், தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து அடுக்கி வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, கலிக்கோ முதுகும் கனத்த அட்டையும் போட்டு, தலைப்பை எழுதி வைத்துக்கொள்வார்கள். தேவனின் (1913–1957) தொடர்கள் பெரும்பாலும் அவர் மறைவுக்குப் பிறகே நூல்களாயின. அவர் வாழ்ந்த நாளில் அக்கதைகளை மறுபடி படிக்க விரும்பியவர்களுக்கு இந்த வீட்டுப் பைண்டுகளே கைகொடுத்தன.

1939-ல் விகடனில் வந்த எழுத்தாளர் கல்கியின் 'தியாக பூமி' இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே பெயரில் கே. சுப்ரமணியம் இயக்கிய திரைப்படத்தின் காட்சிகளே ஓவியத்துக்குப் பதிலாகத் தொடரில் இடம்பெற்றன. கதையும் படமும் இணைந்த அந்த அனுபவம் பைண்டு செய்த பிரதியில் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும்.

பைண்டு காப்பாற்றியது பெரிது. அதில் இழப்பும் உண்டு. தேவையான பக்கங்களை மட்டும் எடுத்ததால் அட்டை, தேதி, தலையங்கம் எல்லாம் கழிந்துபோயின. ஓரம் வெட்டும்போது ஓவியரின் கையெழுத்து பாதியாகும். ஆயினும் கதை முடியும் பக்கத்தின் அடியில் துணுக்கு ஒன்று, பின்பக்கத்தில் வேறொருவர் கட்டுரையின் நடுப்பகுதி, அரைப்பக்க விளம்பரம் எனத் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்தவை இருக்கும். அனுபவமுள்ள சேகரிப்பாளர் பைண்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது இந்தப் பின்பக்கங்களைத்தான். எந்த வார இதழ் என்று கண்டுபிடிக்கும் தடயம் அங்கே இருக்கும்.

காலமும் அசலும் அறிதல்

அட்டை இல்லாத இதழின் காலத்தைக் கணிக்கச் சில உறுதியான வழிகள் உள்ளன. அக்கால இதழ்கள் பலவும் தமிழ் வருடப் பெயரையும் மாதத்தையும் அச்சிட்டன. 'யுவ வருஷம் ஆவணி மாதம்' என்ற ஒரு வரி எஞ்சியிருந்தால் போதும்; அது 1935 ஆகஸ்ட், செப்டம்பருக்கு உரியது. ஆங்கீரச 1932-லும், ஸ்ரீமுக 1933-லும், விக்கிரம 1940-லும், விஷு 1941-லும் சித்திரையில் தொடங்கியவை. வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே திரும்புவதால், இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி இதழில் குழப்பத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை.

விலையும் துணைசெய்யும். அணாக் கணக்கில் விலை மட்டும் இருந்தால் அது 1957 ஏப்ரலில் நாணய முறை மாறியதற்கு முந்தையது, 'ந.பை.' என்றிருந்தால் பிந்தையது. 'லை', 'ணை', 'னை' போன்ற எழுத்துகள் துதிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருக்கின்றனவா என்பது மறுபதிப்பை இனங்காட்டும். தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-ல்.

அச்சைத் தொட்டே அறியலாம். பழைய அச்சில் ஈய எழுத்தும் பிளாக்கும் தாளில் நேரடியாக அழுந்தின. ஆகவே பக்கத்தின் பின்புறத்தை விரல்நுனியால் மெல்லத் தடவினால் எழுத்துகளின் புடைப்பு தட்டுப்படும். ஆஃப்செட் மறுபதிப்பில் தாள் வழவழவென்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், பழைய ஆஃப்டோன் படத்தின் புள்ளிகளைச் சுற்றி, அழுத்தத்தால் ஒதுங்கிய மை சற்று அடர்ந்த விளிம்பாகத் தெரியும். பொன்னியின் செல்வன் போல் அதே இதழில் மீண்டும் தொடராக வந்த கதைகளுக்கு ஓவியரின் பெயரே சான்று. மறுபிரசுரங்களுக்கு வினு, பத்மவாசன் முதலியோர் வரைந்துள்ளனர்.

கிடைக்கும் இடங்கள்

சென்னையில் நெடுங்காலம் இதற்குப் பேர்பெற்ற இடம், சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட். 1900-ல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 1985 மே மாதத்தில் தீக்கிரையானபோது, பழைய புத்தகக் கடைகளில் இருந்தவையும் சாம்பலாயின. அதன் பிறகு திருவல்லிக்கேணியின் நடைபாதைக் கடைகள் முக்கியமாயின. பூர்வீக வீட்டை விற்கும்போதோ இடிக்கும்போதோ பரணிலிருந்து இறங்கும் கட்டுகள் பெரும்பாலும் நேரே பழைய பேப்பர் கடைக்குப் போய், எடைபோட்டுக் கைமாறுகின்றன. கடைக்காரரிடம் பழக்கம் வைத்து, கட்டுப் பிரிவதற்கு முன் பார்ப்பதே சேகரிப்பாளர்களின் பழைய, பலனளிக்கும் வழி. கட்டுப் பிரிந்துவிட்டால் வரிசை சிதறும். பிறகு ஒன்றுசேர்ப்பது மிகக் கடினம்.

பாதுகாப்பு

நியூஸ்பிரிண்ட் தாள் மரத்தை அரைத்த கூழால் செய்யப்படுவது. அதில் தங்கிவிடும் லிக்னின், ஒளியும் காற்றும் பட்டுத் தாளைப் பழுப்பாக்குகிறது. அமிலம் நார்களை அறுக்கிறது. மடித்த இடத்தில் தாள் முதலில் ஒடிவது இதனால்தான். ஆர்ட் பேப்பரின் சிக்கல் வேறு: மேற்பூச்சில் ஈரம் பட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்துவரும். நடுவில் அடித்த பின் துருவேறித் தாளைத் தின்னும். ராமபாணப் பூச்சி பசை உள்ள முதுகுப் பக்கத்தைத் துளைக்கும்.

துருப்பிடித்த பின்களை நீக்கி நூலால் தைப்பது, அமிலமற்ற உறையில் படுக்கவைத்து அடுக்குவது, வெயிலும் ஈரச்சுவரும் படாமல் வைப்பது, ஆண்டுக்கு இருமுறையாவது பிரித்துப் பார்ப்பது ஆகியவை அடிப்படை. வசம்பும் வேப்பிலையும் வைக்கும் பழக்கம் தொடர்கிறது. இலைச்சாறு தாளில் கறையாகாமல் காய்ந்தவற்றைத் துணியில் முடிந்து வைக்க வேண்டும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளையும் மாவுப்பசையையும் கொண்டு ஒட்டுவதே முறை.

நூலகங்களும் மின்பதிவும்

நூல்களின் பிரதியைப் பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற இந்தியச் சட்டம் 1954-ல் வந்தது. 1956 திருத்தமே இதழ்களை அதில் சேர்த்தது. அதற்கு முந்தைய இதழ்கள் தப்பியது பெரும்பாலும் தனியார் ஆர்வத்தாலேயே. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் திரட்டினார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே நிலைநிறுத்த, 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. புதுக்கோட்டையின் ஞானாலயாவும் ஒரு தம்பதியரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததே.

இலங்கையில் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபின் வீடுகளில் எஞ்சிய பிரதிகளின் மதிப்பு பன்மடங்காயிற்று. 1930-ல் தொடங்கிய 'ஈழகேசரி' போன்ற இதழ்களின் காலத்தை அறிய அவையே துணை. 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பொதுப் பார்வைக்கு வைக்கிறது. தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இப்பணியைச் செய்கிறது.

இதழ் கையில் இருப்பது படத்தின் உரிமையைத் தந்துவிடாது. இந்தியாவில் பதிப்புரிமை பொதுவாகப் படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். எழுத்தாளர், ஓவியர், இதழ் நிறுவனம் ஆகியோரின் உரிமைகள் தனித்தனியே பார்க்கப்பட வேண்டியவை. மின்பதிவு செய்யும்போது கதைப்பக்கங்களோடு நிறுத்தாமல் அட்டை, விளம்பரம், போட்டிப் பக்கம் அனைத்தையும் வரிசை கெடாமல் பதிவுசெய்ய வேண்டும். கையிலுள்ள இதழ்களைத் தேதி, மலர், இதழ் எண், குறையும் பக்கங்கள் ஆகிய விவரங்களோடு பட்டியலிடுவது சேகரிப்பாளர் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி. எந்த ஒருவரிடமும் முழு வரிசை இல்லாத நிலையில், பட்டியல்களை ஒப்பிட்டே விடுபட்ட வாரங்கள் நிரம்புகின்றன. தமிழ் இதழோவியத்தின் முழு வரலாறும் அவ்வாறே எழுதப்பட முடியும்.