சம்பாத்தியமும் சம்மதமும்: கொழும்புத் தமிழ்ப் பெண்ணும் நம் புனைகதையும்

தமிழ்ப் புனைகதையில் பெண்ணின் காதலையும் சுதந்திரத்தையும் ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவளுடைய மனப்போராட்டத்தையே விரித்துரைத்திருக்கின்றனர். அவள் ஈட்டிய பணம் எவர் கைக்குப் போயிற்று, அவள் பெயரிலிருந்த காணியை விற்பதற்கு எவருடைய கையொப்பம் வேண்டியிருந்தது என்னும் வினாக்களை வழக்கறிஞர்களுக்கென்று ஒதுக்கிவிட்டனர். அவ்வினாக்களை விடுத்து அம்மனப் போராட்டத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது என்பதே என் வாதம்.

இலங்கையில் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூலின் கண்மணி கணவனால் துன்புற்று, பொறுமையைத் தன் தர்மமாக ஏற்று வாழ்பவள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1911இல், தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் விவாக உரிமைகளையும் முதுசத்தையும் பற்றிய கட்டளைச் சட்டம் நிறைவேறியிருந்தது. மனைவியின் சொத்து அவளுடைய தனிச் சொத்தே என்று ஒரு கையால் கொடுத்த அச்சட்டம், அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று மறு கையால் பிடித்துக்கொண்டது. சீதனமாக வந்த வீட்டுக்கு உடைமைக்காரியாக இருந்தும் அவ்வீட்டை விற்றுத் தன் வழி தேட முடியாதவளாக மனைவி நிறுத்தப்பட்ட சமூகத்தில், கண்மணி போன்றோரின் பொறுமையை வெறும் குணவிசேஷமாகக் கொள்வது அரைகுறை வாசிப்பே ஆகும். கணவனை விட்டு நீங்குவதற்கான பொருளாதார மார்க்கம் அடைபட்டிருந்த இடத்தில் பொறுமை ஒரு நிர்ப்பந்தமும் ஆகும்.

இச்சட்டம் யாழ்ப்பாணத்து எல்லையோடு நின்றுவிடவில்லை. தேசவழமைக்கு உட்பட்டவர் எங்கே குடியேறினாலும் அது அவரைத் தொடர்ந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்து பாடசாலையில் படிப்பித்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் துண்டுக் காணி வாங்கிய யாழ்ப்பாணத்து ஆசிரியை, அதனை விற்க வேண்டிய நாளில் கணவனின் சம்மதத்துக்குக் காத்திருந்தாள். அல்லது நீதிமன்றத்தை நாடினாள். நம் கதைகள் அவளைக் கற்றவள், தன் காலில் நிற்பவள் என்று போற்றின. அந்தக் கையொப்பத்தை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

இனி நகரத்தின் வடபகுதிக்கு வருவோம். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும், தோட்டங்கள் என்று கொழும்பில் வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளிலும் இந்திய வம்சாவளியினர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்கே விடியுமுன் எழுந்து பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, மாக் குழைத்து, உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக இடியப்பம் அவித்துக் கடைகளுக்கு அனுப்பும் பெண்ணுக்கு வீடே தொழிற்சாலை. அவள் அண்டை வீட்டாரைச் சேர்த்துச் சீட்டுப் பிடிக்கிறாள். கைக்கு வரும் சீட்டுக் காசில் மகளின் பள்ளிச் செலவைச் சமாளித்துக் கணவனின் கடனையும் அடைக்கிறாள். இவளை ஆள்வது தேசவழமை அன்று, பொதுச் சட்டமே. விவாகமான பெண்களின் சொத்து பற்றிய 1923ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சொத்தைக் கணவனின் சம்மதமின்றியே விற்கும் அதிகாரம் இவளுக்கு உண்டு. ஆனால் விற்பதற்கு இவளிடம் என்ன இருந்தது? காணியுள்ளவளுக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவளுக்குக் காணியில்லை. ஒரே நகரத்தின் இரு முனைகளில் வாழ்ந்த தமிழ்ப் பெண்களை இவ்விதம் இருவேறு வகையில் சுதந்திரமற்றவர்களாக்கிய இந்நிலைமையை விடச் சிறந்த நாவற்பொருள் எனக்குத் தோன்றவில்லை.

அரசியலுரிமையின் கதையும் இத்தகையதே. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. மறு ஆண்டு கொழும்பு வடக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தல் திருத்தமும் இந்திய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. பெண்ணொருவரை அரசாங்க சபைக்கு அனுப்பிய அதே நகரப் பகுதியில், உழைத்துப் பிழைக்கும் பெண்கள் நாடற்றவர்களாக்கப்பட்டனர். காதலா, குடும்பமா என்னும் வினாவோடு பெண்ணின் பிரச்சினையை முடித்துக்கொள்ளும் நாவல்களில் இந்தப் பறிமுதலுக்கு இடமில்லாமற் போயிற்று.

தமிழகத்து உதாரணம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் கங்கா உத்தியோகம் பார்ப்பவள், தன் சம்பாத்தியத்தில் தாயோடு தனிக்குடித்தனம் நடத்துபவள். அவளைப் படைத்த ஆசிரியரின் துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்நாவல் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்பது கற்பைப் பற்றிய கேள்வியே. அவளுடைய அலுவலகம் அக்கேள்வி நிகழ்வதற்கான பின்னணியாக மட்டுமே அமைகிறது. நாள் முழுதும் அவள் செய்யும் வேலையில் அவள் கொள்ளும் திருப்தி, அலுப்பு, கர்வம் ஆகியவை சிருஷ்டிக்கு உகந்த பொருள்களாகக் கருதப்படவில்லை. இதற்கு மாறாக, 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை அவளுடைய உழைப்பினின்று பிரிக்காமலே சொல்கிறது. கொழுந்துக் கூடையைச் சுமக்கும் உடலே காதலையும் பிள்ளைப்பேற்றையும் இழப்பையும் சுமக்கிறது என்ற உண்மை அங்கே உபதேசமாக அன்றி அனுபவமாக வெளிப்படுகிறது. கலைநயத்தில் அது குறைபாடற்ற நூல் என்று நான் சொல்ல மாட்டேன். எனினும் இவ்வொரு விஷயத்தில் அது நம் புகழ்பெற்ற நாவல்கள் பலவற்றையும் விஞ்சி நிற்கிறது.

வேலைக்குப் போனால் பெண் விடுதலை பெற்றுவிடுவாள் என்பது மத்தியதர வர்க்கத்தின் நம்பிக்கை. ஜிந்துப்பிட்டிப் பெண்ணுக்கு வேலை என்றுமே இருந்தது; விடுதலைதான் இல்லை. ஆதலால் ஒரு கதாநாயகி உழைக்கிறாளா என்று கேட்பது விமர்சகனுக்குப் போதாது; அவள் கூலியைச் செலவிட முடிவு செய்பவர் யார், அவள் உடன்படாத விவாகத்தை மறுக்க அந்தக் கூலி அவளுக்குத் துணை நின்றதா என்றும் கேட்க வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டு ஈழத்து நாவல்களை மீண்டும் வாசிக்குமாறு ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பிலுள்ள தமிழ்ச் சஞ்சிகைகளும் சங்கங்களும் வடகொழும்பின் ஒழுங்கைகளில் வளரும் பெண்பிள்ளைகளை எழுதத் தூண்ட வேண்டும். தம் தாய்மாரின் சீட்டுக் கணக்கை அப்பிள்ளைகளைவிட நன்கறிந்தவர் எவருமில்லை.