போர்க்காலக் கல்கத்தாவில் விடுப்பு நாள்கள்

இரண்டாம் உலகப் பெரும்போரைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் பல. தளபதிகள் வகுத்த திட்டங்களும், படைகள் முன்னேறியதும் பின்வாங்கியதும் அவற்றில் விரிவாக இடம்பெற்றுள்ளன. போர்வீரன் போரிடாத நாள்களில் என்ன செய்தான் என்னும் செய்தியோ அந்நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றது. காட்டிலும் சேற்றிலும் கிடந்த சிப்பாய் விரல்விட்டு எண்ணிக் காத்திருந்தது அந்தச் சில நாள்களுக்காகவே. அன்று கல்கத்தா என வழங்கிய நம் கொல்கத்தா மாநகரம் 1942 முதல் 1946 வரை அத்தகைய விடுப்பு நாள்களின் தலைநகராக விளங்கிற்று. நாள்தோறும் சௌரங்கி வழியே செல்லும் நம் சங்கத்து இளைஞர் பலரும் இதனை அறியார் என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. பர்மாவில் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேறினர். கப்பல் கிடைக்காதோர் காட்டு வழியே நடந்து அஸ்ஸாம் எல்லையை அடைந்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். மெலிந்தும் நோயுற்றும் கல்கத்தாவை அடைந்த அவர்கள் ஹௌராவில் மதராஸ் வண்டியேறினர். அவர்கள் வந்த அதே வழியில் எதிர்த்திசையில் படைகள் செல்லத் தொடங்கின. ஆங்கிலேயர், இந்தியர், கூர்க்கர், ஆப்பிரிக்கர், அமெரிக்கர் எனப் பல நாட்டுப் படைகள் அஸ்ஸாமிலும் வங்கத்தின் கிழக்கெல்லையிலும் குவிந்தன. அமெரிக்கர் மட்டுமே போரின் முடிவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். சீனத்துக்கு இமயமலையைக் கடந்து வானூர்திகளில் பொருள் அனுப்புவதும், லீடோவிலிருந்து பர்மாவினூடே சாலை அமைப்பதும் அவர்தம் முதன்மைப் பணிகள்.

அப்போர்முனையில் எதிரியினும் கொடியது நோய். 1943ஆம் ஆண்டில் காயமுற்று அகற்றப்பட்ட ஒருவனுக்கு நோயுற்று அகற்றப்பட்டவர் 120 பேர் என்று தளபதி ஸ்லிம் தம் நூலிற் குறித்துள்ளார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் படையை உருக்குலைத்தன. ஆதலின் விடுப்பு என்பது இன்பப் பொழுதாக மட்டும் கருதப்படவில்லை. வீரனை மீண்டும் போருக்கு ஆக்கும் மருந்தாகவும் கருதப்பட்டது. டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய மலையூர்களில் ஓய்வு முகாம்கள் நடத்தப்பட்டன. ஆயினும் இருபது வயது இளைஞனுக்குக் குளிர்ந்த காற்று மட்டும் போதுமா? அவன் விரும்பியது நகரம். விளக்குகளும் இசையும் நல்லுணவும் மனிதக் கூட்டமும். அதற்கு அண்மையிலிருந்த பெருநகரம் கல்கத்தா ஒன்றே.

விளக்குகள் என்றேன். அவையும் அக்காலத்தில் முகமூடி அணிந்திருந்தன. 1942 டிசம்பர் 20ஆம் நாள் இரவு ஜப்பானிய வானூர்திகள் இந்நகரின்மீது முதன்முதலாகக் குண்டு வீசின. விக்டோரியா நினைவு மண்டபத்தின் வெண்பளிங்கு, நிலவொளியில் எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்று அஞ்சிக் கரும்பூச்சுப் பூசி மறைக்கப்பட்டது. மைதானத்தின் நடுவேயுள்ள செஞ்சாலை, ஹரிக்கேன் விமானங்கள் எழும்பும் ஓடுபாதையாயிற்று. சௌரங்கி ஓட்டல் ஒன்றின் மாடத்தில் அமர்ந்து தேநீர் அருந்தியவாறே போர்விமானம் தெருவிலிருந்து வானேறுவதைக் காணக் கூடியிருந்த நகரம் உலகில் வேறு எத்தனை இருந்திருக்கும்!

விடுப்பில் வந்த அமெரிக்கனின் சட்டைப்பையில் பணம் இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு மாத ஊதியம் 50 டாலர். கடல் கடந்த பணிக்கு அதன்மேல் நூற்றுக்கு இருபது. நம் கணக்கில் ஏறத்தாழ 200 ரூபாய். போர் தொடங்கியபோது இந்தியச் சிப்பாயின் சம்பளம் மாதம் 16 ரூபாய். பின்னர்ச் சிறிது உயர்த்தப்பட்டது. உணவும் உடையும் அவனுக்குத் தனியே வழங்கப்பட்டன என்பது உண்மையே. இருப்பினும் இவ்விரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விடுப்பு என்னும் ஒரே சொல் இருவர்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பது விளங்கும்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தார் டல்ஹௌசி சதுக்கத்தில் 'பர்ரா கிளப்' என்னும் பெரிய விடுதியை நடத்தினர். அங்கே தம் நாட்டு உணவும், கடிதம் எழுத மேசையும், நகரைச் சுற்றிப் பார்க்க ஏற்பாடும் வீரர்க்குக் கிடைத்தன. 1945இல் அமெரிக்கப் படைத்துறை 'கல்கத்தா கீ' என்னும் கையேடு ஒன்றையும் அச்சிட்டு வழங்கிற்று. நகரின் வரலாறு, காணத்தக்க இடங்கள், மக்களின் வழக்கங்கள், நடந்துகொள்ள வேண்டிய முறை ஆகியவை அதில் கூறப்பட்டிருந்தன. இவ்வூரில் நெடுநாள் வாழ்ந்தும் இதன் வரலாற்றை ஒரு பக்கம்கூடப் படித்தறியாத நம்மில் சிலர்க்கு இச்செய்தி சிறிது நாணம் தருதல் வேண்டும்.

வீரர்கள் பரேஷ்நாத் சமணக் கோயிலையும், காளிகட்டத்தையும், சிவபுரித் தோட்டத்தின் பேராலமரத்தையும், அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையையும் கண்டனர். சுடுகாட்டையும் சென்று பார்த்துப் படம் பிடித்தனர். ஹாக் மார்க்கெட்டில் பேரம் பேசித் தாய்க்கும் காதலிக்கும் பட்டும் தந்தப் பொம்மையும் வாங்கினர். மாலையில் மெட்ரோ திரையரங்கு. இரவில் பிர்ப்போ உணவகம், அல்லது கிராண்டு ஓட்டல். 1937இல் தொற்றுநோயால் மூடப்பட்டுக் கிடந்த கிராண்டு ஓட்டலை மறுவருடம் ஒபராய் ஏற்று நடத்தத் தொடங்கினார். போர் வந்ததும் அங்கே படையினர் ஆயிரக்கணக்கில் தங்கினர். குடித்துவிட்டு ரிக்ஷாக்காரனை உள்ளே அமர்த்தித் தாமே இழுத்துப் பந்தயம் ஓடிய அமெரிக்கரைப் பற்றிய செய்தியும் நினைவுக் குறிப்புகளிற் காணப்படுகின்றது. சில தெருக்களின் முனையில் படையினர் நுழையலாகாது என்னும் பலகைகள் நின்றன. அப்பலகைகளைக் கண்டே அத்தெருக்களை அடையாளம் தெரிந்துகொண்டாரும் உளர்.

கிராண்டு ஓட்டலில் பியானோ வாசித்துக் குழு நடத்தியவர் டெடி வெதர்போர்டு என்னும் அமெரிக்க நீக்ரோ இசைஞர். ஷாங்காயிலும் பம்பாயிலும் புகழ்பெற்றபின் இந்நகரில் தங்கியவர். அவருடைய இசைக்கு வெள்ளை வீரர் மகிழ்ந்து ஆடினர். அதே அமெரிக்கப் படையின் கறுப்பு வீரர்க்கோ செஞ்சிலுவைச் சங்கத்தார் தனி விடுதியே வைத்திருந்தனர். லீடோ சாலையை அமைத்த அமெரிக்கர் சுமார் 15,000 பேரில் பெரும்பாலோர் கறுப்பர். ஆயினும் ஓய்வுக்கு வந்த இடத்திலும் நிறவேற்றுமை அவர்களைத் தொடர்ந்து வந்தது. வெதர்போர்டு 1945 ஏப்ரலில் வாந்திபேதி கண்டு இந்நகரிலேயே மாண்டார். அப்போது அவருக்கு அகவை 41.

இனிச் சொல்லப் போவது மனத்தை வருத்துவது. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இத்தெருக்களில் நடந்ததை விட்டுவிட்டு விடுப்பின் வரலாற்றை எழுதுதல் இயலாது. வங்கத்து ஊர்ப்புறங்களிலிருந்து சோறின்றி நடந்து வந்த மக்கள் சௌரங்கியின் நடைபாதையிலேயே வீழ்ந்து மடிந்தனர். பர்மா அரிசி நின்றது, புயல் பயிரை அழித்தது, படகுகளை அரசினர் பறித்தனர், விலை ஏறியது, பதுக்கல் பெருகியது, நகரத் தொழிற்சாலைகளுக்கும் படைக்கும் உணவு முதற்கண் ஒதுக்கப்பட்டது. பஞ்ச விசாரணைக் குழு இறந்தோரை 15 இலட்சம் எனக் கணக்கிட்டது. பின்னர் ஆய்ந்தோர் 30 இலட்சம் வரை கூறுவர். ஆகஸ்டு 22ஆம் நாள் 'ஸ்டேட்ஸ்மன்' இதழ் அக்காட்சிகளின் புகைப்படங்களைத் துணிந்து வெளியிட்ட பின்னரே வெளியுலகம் நம்பத் தொடங்கிற்று.

பிர்ப்போவின் படிகளில் இறங்கி வந்த வீரன் கண்டது இக்காட்சியைத்தான். சிலர் முகம் திருப்பிச் சென்றனர். சிலர் தம் பங்கு உணவைப் பகிர்ந்தளித்தனர். அவர்களை மட்டும் பழிப்பது முறையன்று என்பது என் கருத்து. அவர்கள் கட்டளைப்படி வந்தவர்கள். அரிசியின் விலையை முடிவு செய்தவர்கள் வேறு மாளிகைகளில் இருந்தனர். அக்டோபரில் அரசப் பிரதிநிதியாக வந்த வேவல் நேரே கல்கத்தா வந்து பார்த்தபின், உணவு வழங்கும் பணியில் படை ஈடுபடுத்தப்பட்டது. இதே லாரிகள் மூன்று மாதம் முன்னரே ஊர்ப்புறம் சென்றிருப்பின் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்! இவ்வினாவைக் கேளாமல் அக்காலத்தைப் பற்றி எழுத என்னால் இயலவில்லை.

இந்தியச் சிப்பாய்க்கு விடுப்பு என்பது ஊர் என்னும் ஒரே பொருளையே தந்தது. மதராஸ் சாப்பர் படையிலும், போர்க்காலத்தில் மீண்டும் நிறுவப்பட்ட மதராஸ் ரெஜிமெண்டிலும், சாலை அமைத்த பயனீர் படையிலும் நம்மவர் பெருந்தொகையினராக இருந்தனர். அவர்கள் இந்நகரைக் கண்டது பெரும்பாலும் ஒரு நாள். அதுவும் வண்டி மாறுவதற்காக. திமாப்பூரில் சிறுபாதை வண்டியேறிப் பாண்டு சேர்ந்து, பிரம்மபுத்திராவைப் படகில் கடந்து, அமின்காவில் மீண்டும் சிறுபாதை வண்டி பிடித்து, பார்வதிபூரில் அகலப்பாதைக்கு மாறி, சியால்டாவில் இறங்க வேண்டும். பின் மூட்டையுடன் நகரைக் குறுக்கே கடந்து, 1943இல் திறக்கப்பட்ட புதிய ஹௌரா பாலத்தின்மீது சென்று மதராஸ் மெயில் பிடிக்க வேண்டும். அதன் பிறகு 1,032 மைல். சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ செல்வோர்க்கு மேலும் ஓர் இரவு. போர்த்தளவாடங்களுக்கே வண்டிகள் போதாதிருந்த காலம் அது. விடுப்பு ஒப்புக்கொள்ளப்பட்டும் இடம் கிடைக்காமல் முகாம்களில் காத்திருத்தல் உண்டு.

அக்காலத்துச் சிப்பாய்களின் கடிதங்களைப் படைத்துறையினர் பிரித்துப் படித்துச் சுருக்கக் குறிப்புகள் எழுதிவைத்தனர். கடிதத்தை ஒற்றறிந்தது நமக்கு உவப்பன்று. ஆயினும் அக்குறிப்புகளே இன்று வரலாற்றுக்கு உதவுகின்றன. விடுப்பு எப்போது என்னும் ஏக்கமும், ஊரில் தானியவிலை ஏறிவிட்டதே, அனுப்பும் பணம் போதவில்லையே என்னும் கவலையும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. அமெரிக்கன் பட்டு வாங்கிய அதே திங்களில் நம்மவன் மணியார்டர் தொகையைக் கூட்டவியலாமல் வருந்தினான்.

வீடு செல்லும் உரிமை ஆங்கில வீரர்க்கும் எளிதில் கிடைக்கவில்லை. கடல்கடந்த பணிக்காலம் 1945 ஜூனில்தான் 3 ஆண்டு 4 மாதமாகக் குறைக்கப்பட்டது. போர் ஆகஸ்டில் முடிந்தபின்னும் கப்பல் கிடைக்காமல் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் இந்நகரில் மாதக்கணக்கில் காத்திருந்தனர். அந்நாள்களிலே கிளைடு வாடெல் என்னும் அமெரிக்கப் படைப் புகைப்படக்காரர் நகரைச் சுற்றி எடுத்த அறுபது படங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஆனால் நகரின் முகம் அதற்குள் மாறிவிட்டது. இந்திய தேசிய இராணுவத்தினர்மீது நடந்த வழக்கை எதிர்த்து 1945 நவம்பரிலும் 1946 பிப்ரவரியிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, படை லாரிகள் தெருக்களில் கொளுத்தப்பட்டன. பிர்ப்போவுக்கும் மெட்ரோவுக்கும் நடந்து சென்று பழகிய வீரர்கள் முகாம்களுக்குள்ளேயே இருந்து கப்பலுக்குக் காத்திருந்தனர். ஹௌராவிலோ, பணிநீங்கிய நம் சிப்பாய்கள் தகரப் பெட்டியுடன் மதராஸ் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தனர்.