குருந்தமும் வண்ணத் துப்பாக்கியும்

நாவலாசிரியர் ஒருவர் துப்பாக்கி விளையாட்டொன்றைத் தோற்றுவித்தார் என்றால் நண்பர்கள் நம்பத் தயங்கக்கூடும். 1972இல் 'ஸ்டே ஹங்க்ரி' நாவலை எழுதிய சார்லஸ் கெயின்ஸ்தான் அவர். காட்டில் பிழைக்க வல்லவன் நகரத்தானா நாட்டுப்புறத்தானா என்று நண்பர் ஹேய்ஸ் நோயலுடன் நெடுநாள் வாதிட்டு வந்தார். அந்த வழக்கைத் தீர்க்கவே 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹெனிக்கரில் பன்னிருவர் காட்டுக்குள் இறங்கினர். அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007: மரங்களுக்கும் மாடுகளுக்கும் தொலைவிலிருந்தே சாயக் குறியிடும் கருவி. பெயிண்ட்பால் துப்பாக்கிக்கு இன்றும் வழங்கும் 'மார்க்கர்' என்னும் பெயரில் அந்தப் பழைய தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று வென்றவர் ரிச்சி வைட் என்ற காட்டுத் தொழிலாளி. ஒரு குண்டுகூட அவர் சுடவில்லை என்பது நமக்குப் பிடித்த செய்தி.

1990களில் மார்க்கர்கள் அலுமினியக் கட்டியில் கடையப்பட்டு நீலம், சிவப்பு, ஊதா எனப் பளபளக்கத் தொடங்கின. அந்த வண்ணம் ஏற்றும் முறை அனோடைசிங். அது வெறும் அழகா, சுடுதிறனையும் மாற்றுமா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது.

அனோடைசிங் பூச்சு அன்று. 1923இல் இங்கிலாந்தில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் கடல் விமானங்களின் டியூராலுமின் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காக்க அதைக் கண்டார்கள். அலுமினியத்தை நேர்மின்முனையாக்கி அமிலத்தில் அமிழ்த்தினால் அதன் மேற்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. அவர்கள் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். 1927இல் கந்தக அமில முறை வந்தது. அப்படலத்தின் நுண்துளைகளில் சாயம் இறங்கும். கொதிநீரில் இட்டால் துளைகளின் வாய் மூடிக்கொள்ளும். அமிலத்தைக் குளிர்வித்து மின்னோட்டத்தைக் கூட்டினால் தடித்த, கடினமான படலம் கிட்டும். நம் அடுக்களையின் கறுப்புக் குக்கர் அவ்வகையே. படலத்தின் பொருள் அலுமினா. அதுவே படிகமானால் மாணிக்கமும் நீலக்கல்லும். ஆங்கிலத்தில் அக்கனிமத்தின் பெயரான 'கொரண்டம்' நம் 'குருந்தம்' என்னும் சொல்லிலிருந்து சென்றது.

சாயத்துக்குச் சுடுதிறனில் பங்கில்லை. குண்டின் வேகத்தை வாயு அழுத்தமும் வால்வும் குழலின் பிடிப்புமே தீர்மானிக்கின்றன. ஆனால் படலத்துக்குப் பருமன் உண்டு. 50 மைக்ரான் கடினப் படலத்தில் ஏறத்தாழப் பாதி உலோகத்துக்குள் இறங்கும், பாதி வெளியே வளரும். ஆகவே துளையின் விட்டம் 50 மைக்ரான் குறுகும். குழலில் இது பெரிதன்று, 0.68 அங்குல ஜெலட்டின் குண்டுகள் தமக்குள்ளேயே அதைவிட அதிகம் வேறுபடும். உடலுக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டின் கதை வேறு. துளையிலும் போல்ட்டிலும் படலம் ஏறினால் இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் போய்விடும்; போல்ட் இறுகும், சில சமயம் நின்றேவிடும். திருகு மரைகளில் படலத்தின் வளர்ச்சி நான்கு மடங்காகத் தெரியும். இதைக் கணக்கிட்டே ஆலைகள் முன்கூட்டி உலோகத்தைக் கூடுதலாகக் கடைகின்றன.

நன்மையும் உண்டு. வெற்று அலுமினியம் அலுமினியத்தோடு உரசினால் ஒன்றையொன்று பற்றிக் கிழித்துக்கொள்ளும். கடினப் படலம் அதைத் தடுக்கிறது. ஆயினும் சொரசொரப்பான படலம் ரப்பர் வளையங்களை அரத்தைப் போல் தேய்க்கும்.

நாம் அஞ்சுவது இரண்டாம் முறை வண்ணமேற்றுவதை. பழைய படலத்தை அகற்றப் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவில் முக்குவார்கள். அது ஆக்சைடைத் தின்றதும் அலுமினியத்தையும் தின்னத் தொடங்கும். துளை அகலும், மரை தளரும், வாயு கசியும். தின்றுபோன உலோகத்தை எந்தச் சாயமும் மீட்டுத் தராது. குரோமிக், பாஸ்பாரிக் அமிலக் கலவை உலோகத்தை விட்டுவைக்கும். ஆனால் குரோமியம் கொடிய நஞ்சு. பிறகு மெருகிடும் சக்கரம் விளிம்புகளையும் பொறித்த எழுத்துகளையும் மழுக்கிவிடும். தொண்ணூறுகளின் மார்க்கர் ஒன்றைப் பேணி வைத்திருப்பவர் அதைப் பட்டறைக்குக் கொடுக்குமுன் துளையின் விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளட்டும். எதில் முக்கி உரிப்பீர்கள், துளைகளையும் மரைகளையும் அடைப்பீர்களா என்று கேட்கட்டும். நிறத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்.