தேரும் நிலைமமும்: திருவண்ணாமலைத் தேரோட்டத்தை முன்வைத்து இயக்கவியல் கருத்துகளின் வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கார்த்திகைத் தீபப் பெருவிழாவில், ஏழாம் நாளன்று ஐந்து தேர்கள் மாட வீதிகளை வலம் வருகின்றன. அவற்றுள் அண்ணாமலையாரின் பெரிய தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கின்றனர். இழுத்தால் தேர் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. ஆகவே, இயக்கம் நீடிக்க விசை இடைவிடாது தேவை என்று எண்ணத் தோன்றும். இவ்வெண்ணம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் இயற்பியலை ஆண்டது. அது எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும், அத்திருத்தத்தைத் தமிழ்க் கலைச்சொற்கள் எவ்வளவு உணர்த்துகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அரிசுடாட்டில் கண்ட இழுவை

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிசுடாட்டில், பலர் கூடிக் கப்பலை இழுப்பதை எடுத்துக்காட்டாகக் கொண்டார். பலர் இழுத்து நகர்த்திய கப்பலை ஒருவர் தனித்துச் சிறிதும் அசைக்க இயலாது என்பதையும் அவர் சுட்டினார். தேரிலும் இதுவே நிகழ்கிறது. நிலையில் நிற்கும் தேரைக் கிளப்ப, வடத்தின் இழுவையோடு சக்கரத்தின் பின்னிருந்து நெம்புகோலும் தேவைப்படுகிறது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்பதே இதன் காரணமாகும். அரிசுடாட்டிலின் கவனிப்பில் பிழையில்லை. உராய்வைத் தனி விசையாகப் பிரித்துக் காணாமையே குறை.

உராய்வைப் பிரித்தல்

14ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த பூரிதான், எறியப்பட்ட பொருளில் ஓர் உந்துதல் தங்குகிறது என்றார். கலிலியோ சாய்தளங்களில் பந்துகளை உருட்டி ஆராய்ந்து, தடைகள் நீங்கினால் கிடைத்தளத்தில் இயக்கம் குன்றாது தொடரும் என்னும் முடிவை 1638இல் வெளியான நூலில் விளக்கினார். நியூட்டன் 1687இல் இதனை முதல் விதியாக வகுத்தார். இவ்விதியின்படி, சமதளத்தில் நேராகச் சீரான வேகத்தில் செல்லும் தேரின்மீது செயற்படும் நிகர விசை சுழியாகும். வடத்தின் இழுவை உராய்வை ஈடுசெய்கிறதேயன்றி வேகத்தைக் கூட்டுவதில்லை.

இக்கருத்தைத் தமிழகத் தேர்களின் அண்மைக்கால வரலாறே மெய்ப்பிக்கிறது. திருவாரூர் ஆழித்தேர் முதலிய பெருந்தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் அச்சுகளையும் அமைத்தபோது, ஹைட்ராலிக் பிரேக்கையும் உடன் பொருத்தியது. மரச்சக்கரமும் மர அச்சும் கொண்ட தேரில் உராய்வே பெரும் தடையாக நின்றது. முட்டுக்கட்டை தேரைத் திருப்பவும் நிறுத்தவும் துணைசெய்தது. உருளும் தடை குறையும்போது, ஓடும் தேர் ஓடிக்கொண்டே இருக்க முனைவது வெளிப்படுகிறது. கலிலியோ சிந்தனையில் நீக்கிய உராய்வைப் பொறியாளர் அச்சில் குறைத்தனர் எனலாம்.

கலைச்சொற்களின் சாய்வு

இப்பண்பைத் தமிழகப் பாடநூல்கள் ‘நிலைமம்’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘சடத்துவம்’ என்றும் வழங்குகின்றன. தேர் வந்து சேரும் இடத்தை ‘நிலை’ என்றே அழைக்கும் ஊரில், நிலைமம் என்னும் சொல் ஓய்வையே முதலில் நினைவூட்டும். சடத்துவமும் அசைவின்மையை நோக்கியே சாய்கிறது. விதியின் மறுபாதியாகிய இயக்கத் தொடர்ச்சி இரு சொற்களிலும் மங்கிவிடுகிறது. மேலும், தமிழகத்தில் ‘நிறை’ பொருளின் அளவைக் குறிக்க, இலங்கையில் அதே சொல் புவியீர்ப்பால் விளையும் எடையைக் குறிக்கிறது. பொருளின் அளவு அங்குத் ‘திணிவு’ எனப்படுகிறது. இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே பயிலும் மாணவர்க்கு இது கருத்துப்பிழைக்கே வழிவகுக்கும்.

முடிவுரை

மாணவர் மனத்தில் உள்ள அரிசுடாட்டிலியக் கருத்து அறியாமையன்று. உராய்வு மிகுந்த உலகில் பெற்ற அனுபவம். அதனை வரையறையை மனனம் செய்வித்து அகற்ற இயலாது. நெம்புகோல் ஏன் புறப்பாட்டில் தேவை, பிரேக் ஏன் இரும்புச் சக்கரத்தோடு வந்தது என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்கும்போது, நிலைமத்தின் இரு பாதிகளும் விளங்கும். கலைச்சொல் விட்ட இடைவெளியைத் தேர்வீதி நிரப்பும்.